நாலு மட்டைக் கைகள்

எனக்கு இடது காது கேட்காது. வலது காதும் அரைகுறைதான். இந்த இரண்டு வசனங்களையும் எழுதுவதற்குள் ஒருமுறை எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் இந்த வெட்கம் என்னை விட்டபாடில்லை. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் நாலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த காலத்தில், இது யாருக்காவது தெரியவந்தால் வகுப்பைப் பறித்துவிடுவார்கள் என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு நாளும் வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன்.

முதலில் போனது ரயில் சத்தம். எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். ரயில் போகும்போது வீட்டுக்கு வந்த ஆட்கள் கதையை நிறுத்திவிட்டு, அது போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் நிறுத்தாமல் கதைத்துக்கொண்டே இருந்தேனாம். இதைக் கண்டுபிடித்தவர் என் கணவர். சண்டை பிடித்துத்தான் என்னை டொக்டரிடம் கூட்டிப்போனார். இடது காதில் நரம்பு பழுது, வலதும் பின்னாலேயே போகிறது, இரண்டுக்கும் மிஷின் போடவேண்டும் என்றார் டொக்டர். மிஷின் வாங்கினோம். நான் அதைப் பெட்டியோடு கொண்டுபோய் அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன். என் கணவர் அதைப் போடச்சொல்லிக் கேட்கும்போதெல்லாம் நான் எரிந்து விழுவேன்.

"நீர் கத்திறது எனக்கு நல்லாக் கேக்குது. நான் கதைக்கிறதுதான் உமக்குக் கேக்கேல்லை," என்பார் மனுசன்.

ஏன் போடவில்லை என்றால், வெட்கம். வேறு காரணம் இல்லை. எங்கள் ஆட்கள் இதை மரியாதையாகச் சொல்வதென்றால் 'காது மந்தம்' என்பார்கள். படிப்பு ஏறாத பிள்ளையையும் மந்தம் என்றுதான் சொல்வது. மந்தமான பிள்ளைகளைக் கரைசேர்க்கிறவள் என்று பெயரெடுத்த நான் மந்தமா? அதைவிடப் பயம் 'பாவம்' என்கிற சொல்லுக்கு. எங்கள் பள்ளிக்கூடத்தில் கண் பார்வை குறைந்துபோன ஒரு டீச்சரை வகுப்பிலிருந்து எடுத்து நூலகத்தில் இருத்தினார்கள். எழுத்துத் தெரியாமல் தடுமாறுகிறவரைப் புத்தகங்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்த புத்தியை என்னவென்று சொல்வது! ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் "பாவம், பாவம்" என்று சொல்லிக்கொண்டே, அவருடைய வகுப்பு இனி யாருக்கு என்று கதைத்தார்கள். நானும் பாவம் சொன்னேன். நானும் கதைத்தேன்.

ஆகவே நான் சில தந்திரங்களைப் பழகினேன். வகுப்பில் கதிரையில் இருப்பதே இல்லை. வலது காது பிள்ளைகள் பக்கம் இருக்கும்படி யன்னலோரமாக நடந்துகொண்டே படிப்பிப்பேன். ஒரு பிள்ளை வாயைத் திறந்தால், "எழும்பி நிண்டு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி உரத்துச் சொல்லுங்கோ," என்பேன். அப்போதும் விளங்காவிட்டால், "ஆ, இப்ப சொன்னதை வேற ஒராள் திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்," என்பேன். பெரியவர்கள் ஏதாவது சொன்னால் சிரித்த முகத்தோடு ஓம் போட்டுவிடுவேன். அப்படி ஓம் போட்டு நான் தலையில் ஏற்றிக்கொண்ட வேலைகள் கொஞ்சநஞ்சமல்ல. விளையாட்டுப் போட்டியில் நீல இல்லத்துக்கு நான் பொறுப்பாசிரியை ஆனது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்தக் கள்ளமெல்லாம் எனக்கு நல்ல பெயரைத்தான் வாங்கித் தந்தது. எங்கள் அதிபர் ஒரு கன்னியாஸ்திரி. பள்ளிக்கூடம் முழுக்க அவரைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். நெடிய மனுசி, சட்டென்று கோபம் வரும், வந்த வேகத்திலேயே போகும். ஒருநாள் என் வகுப்பைப் பின்வாசலில் நின்று பார்த்துவிட்டு, அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் பாராட்டினார். நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் எவ்வளவு தெளிவாக, உரத்துக் கதைக்கிறார்கள்! அதோடு, ஒரு பிள்ளை கதைக்கத் தொடங்கினால் மற்ற அத்தனை பேரும் அந்தப் பிள்ளையின் பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். "மத்தவங்க கதைக்கிறதை மதிச்சுக் கேக்கிற பழக்கம் இது. எல்லா வகுப்பும் இதைப் பழக வேணும்," என்றார்.

தலை திருப்புகிற பழக்கத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது எப்போதோ தானாக வந்திருந்தது. ஆனால் பாராட்டு வாசலுக்கு வரும்போது யார் கதவைச் சாத்துவார்கள்? "சின்னனிலயே பழக்கினாத்தான் சிஸ்டர்," என்று சொல்லிவைத்தேன்.

அந்த வருஷம் சிஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய வகுப்புகளில் இருக்கிற 'வடிவமைப்பும் தொழினுட்பமும்' பாடத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கும் தொடங்கவேண்டும். ஐந்தாம் ஆண்டைத் தொடமுடியாது, அவர்களுக்குப் புலமைப்பரிசில் சோதனை. ஆகவே நாலாம் ஆண்டு, ஆகவே நான். என்னை ஒரு பயிற்சிச் செயலமர்வுக்கு அனுப்பினார்கள். பெரிய மண்டபம், கரகரக்கிற மைக். சொன்னதில் பாதியை நான் ஊகித்தேன். ஆனால் கேட்ட பாதி எனக்கு மெய்யாகவே பிடித்துப்போனது. கைவேலைப் பாடம் என்றால் டீச்சர் ஒரு காகிதப் பூச் செய்து காட்ட, வகுப்பு முழுக்க அதே பூவைச் செய்யும். இதில் டீச்சர் எதையும் செய்து காட்டக்கூடாது. பிள்ளை ஒரு ஆளைப் பார்க்கவேண்டும். அந்த ஆளுக்கு எது கஷ்டம் என்று கண்டுபிடிக்கவேண்டும். அதற்கு ஒரு சாமானைப் படமாகக் கீறவேண்டும், செய்யவேண்டும், கடைசியில் அந்த ஆளிடமே கொடுத்துச் சோதிக்கவேண்டும். பார், கண்டுபிடி, கீறு, செய், சோதி என்று ஐந்தையும் பெரிய மட்டையில் எழுதிக் கரும்பலகைக்கு மேலே தொங்கவிட்டேன்.

"கேக்கக் கூடாது, பாக்கோணும்," என்று பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். "அம்மாட்ட என்ன கஷ்டம் எண்டு கேட்டா, ஒண்டுமில்லை, போய்ப் படி எண்டுவா. பேசாம இருந்து பாருங்கோ. எந்த வேலையை நிப்பாட்டி நிப்பாட்டிச் செய்யிறா? எந்த இடத்தில முகத்தைச் சுளிக்கிறா? ஆக்கள் தங்கட கஷ்டத்தை மறைப்பினம். நீங்கள்தான் கண்டுபிடிக்கோணும்." சொல்லி முடித்ததும் எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

தமிழ் விஷயத்திலும் நான் விடாப்பிடிக்காரி. கொழும்புப் பிள்ளைகளுக்குப் பசை என்கிற சொல் வாயில் வராது, கம் என்றுதான் வரும். கம் என்று கேட்டால் நான் கொடுக்கமாட்டேன். "பசை எண்டு கேளுங்கோ, தாறன்." கோதுமை மாவைக் காய்ச்சி, ஜாம் போத்தலில் அடைத்து வீட்டிலிருந்து கொண்டுபோவேன். வேலை தொடங்கிவிட்டால் நாலு பக்கமும் "பசை டீச்சர், பசை டீச்சர்" என்று கைகள் நீளும், நான் போத்தலோடு ஓடுவேன். சிலவேளை போத்தலைக் கொண்டுபோய் முன்னால் வைத்தால், பிள்ளை என்னையும் போத்தலையும் மாறி மாறிப் பார்க்கும். பிறகு "தேங்க்யூ டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கையில் அகப்பட்ட எதையாவது எடுத்து ஒட்டும். இடைவேளை மணிக்குக் கிட்டவாகத்தான் இது அடிக்கடி நடந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து வேலை செய்தார்கள். ஒரு கூட்டம், மீன் வெட்டும்போது கைக்குள் நிற்காமல் வழுக்குகிற மீனைப் பிடித்துக்கொள்ள ஒரு பலகை கீறியது. இன்னொரு கூட்டம், பஸ்ஸில் நனைந்த குடையை மடியில் வைத்திருக்கிற தகப்பனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. பின்வரிசை இடது மூலைக் கூட்டம் மட்டும் எதையும் காட்டவில்லை. அதற்குத் தலைவி முகத்துவாரத்திலிருந்து வருகிற ஒரு பெண்பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். அவள் அதிகம் கதைக்கமாட்டாள், ஆனால் எந்த நேரமும் எதையாவது உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பக்கத்தில் வாய் ஓயாத ஒரு முஸ்லிம் பையன். இன்னும் இரண்டு பிள்ளைகள். நான் கிட்டப் போனால் படத்தைக் கையால் மூடினார்கள். எனக்குக் கோபம் வந்தது.

"ஆருக்குச் செய்யிறியள்? சொல்லுங்கோ."

ஆளை ஆள் பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பெண்பிள்ளை தலையைக் குனிந்தபடி ஒரு சொல் சொன்னாள். முகம் தெரியாவிட்டால் எனக்குப் பாதிச் சொல் போய்விடும். எனக்குக் கேட்டது 'சிஸ்டருக்கு'.

"சிஸ்டருக்கோ!" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் அவளைக் கதைக்கவிடவில்லை. "கெட்டிக்காரப் பிள்ளையள். என்ன கஷ்டம் எண்டு கண்டுபிடிச்சனீங்கள்?"

பையன் என் முகத்தை நேராகப் பார்த்து, தன் காதைத் தொட்டுக் காட்டி, "காது டீச்சர்," என்றான். அது எனக்குத் தெளிவாகவே கேட்டது.

அந்தப் பிள்ளைகள் என்னைத் திருத்தவில்லை. என்னைத் திருத்திப் பிரயோசனமில்லை என்று அவர்களுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

சிஸ்டருக்குக் காது கேட்காதா! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். என்னைவிட மூத்தவர், என்னைவிடப் பெரிய பதவி, அவருக்கும் இதே கதை. அப்படியென்றால் என்னை யார் என்ன செய்வது? அடுத்த நாளிலிருந்து சிஸ்டரோடு கதைக்கும்போது நான் உரத்துக் கதைக்கத் தொடங்கினேன். அவர் முகத்துக்கு நேரே போய் நின்று, ஒவ்வொரு சொல்லாக, வாயை அகலத் திறந்து கதைத்தேன்.

"ஏன் டீச்சர் கத்துறீங்க? நான் இங்கதானே நிக்கிறேன்," என்றார் சிஸ்டர்.

மறைக்கிறார் என்று நினைத்தேன். நானும் இப்படித்தானே மறைக்கிறேன். பாவம் என்றும் நினைத்தேன். ஓம், அந்தச் சொல்லையேதான் நினைத்தேன். போதாக்குறைக்கு, "பிள்ளையள் உங்களுக்கெண்டு ஒரு சாமான் செய்யினம் சிஸ்டர், கண்காட்சிக்குக் கட்டாயம் வாங்கோ," என்று கத்திச் சொல்லியும் வைத்தேன். சிஸ்டருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

பிறகு அந்தக் கூட்டத்துக்கு நானே உதவி செய்தேன். பிஸ்கட் பெட்டி மட்டையில் நாலு கைகள் வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு நிறத்தில் ஒரு போத்தல் மூடி. கையின் அடியில் நூலைக் கட்டி இழுத்தால் கை மேலே எழும்பும். நூல் சாதாரண நூல் இல்லை, மீன் பிடிக்கிற தங்கூசி. அந்தப் பெண்பிள்ளை தகப்பனிடம் வாங்கி வந்திருந்தாள். எழும்பின கை திரும்ப விழவில்லை என்று பிள்ளைகள் முழித்தபோது, ஒரு ரப்பர் பாண்டைப் பின்னால் மாட்டிப் பாருங்கோ என்று சொன்னது நான்தான். சிஸ்டரின் மேசைக்கு நாலு பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள், அவர்கள் வந்தது தெரிவதற்குத்தான் நாலு கை என்று நானாக அர்த்தம் கண்டுகொண்டேன்.

கண்காட்சி எங்கள் வகுப்பறையிலேயே நடந்தது. சுவரோரமாகத் தாய் தகப்பன்மார் நின்றார்கள். முன்வரிசையில் சிஸ்டரும், கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி சேரும். நான் காலையில் வாசலில் நின்று ஆட்களை வரவேற்றுவிட்டு உள்ளே வந்தபோது, அந்த மூலைக் கூட்டம் வேலையை முடித்திருந்தது. மட்டைக் கைகள் சிஸ்டருக்கென்று போட்ட மேசையில் இல்லை. கரும்பலகையின் ஓரத்தில், நான் எழுதுகிற உயரத்தில் அவற்றைக் கட்டியிருந்தார்கள். தங்கூசி சுவரோரமாக, ஒட்டி வைத்த ஸ்ட்ரோ துண்டுகளுக்குள்ளால் நுழைந்து, வகுப்பின் நாலு மூலைக்கும் போனது; ஒவ்வொரு மூலைச் சுவரிலும் அந்தந்தக் கையின் நிறத்தில் ஒரு மூடி ஒட்டியிருந்தது.

மீன் பலகை வந்தது, குடை உறை வந்தது, எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு அந்தப் பெண்பிள்ளை முன்னால் வந்தாள். நான் பழக்கியபடியே நிமிர்ந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, உரத்துத் தெளிவாகச் சொன்னாள்.

"நாங்க பாத்த ஆள், எங்கட டீச்சர். எங்கட டீச்சருக்கு இடப்பக்கக் காது கேக்காது. சத்தம் கேட்டாலும் எந்தப் பக்கத்தால வருது எண்டு தெரியாது."

ஒரு எழுத்தும் தவறாமல் எனக்குக் கேட்டது. எனக்கே கேட்டதென்றால் ரோட்டில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"இது சிஸ்டருக்கு எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"இல்ல டீச்சர். டீச்சருக்கு எண்டுதான் சொன்னேன்."

எங்கள் பிள்ளைகள் நேரே நின்று கதைக்கும்போதும் 'உங்களுக்கு' என்று சொல்லமாட்டார்கள், மரியாதைக்கு 'டீச்சருக்கு' என்றுதான் சொல்வார்கள். டீச்சருக்கு, சிஸ்டருக்கு. சுவரோரம் யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கத்திக் கத்திக் கதைத்த நாட்களெல்லாம் அவருக்கு அந்த நேரத்தில் விளங்கியிருக்கவேண்டும்.

பையனுக்குச் சொல்ல இடம் கிடைத்துவிட்டது. "பசிக்கிது எண்டு சென்னா டீச்சர் பசை தருவாங்க," என்றான். "கம் எண்டு செல்லவும் ஏலா. ஒரு நாள் எனக்குச் சரியான பசி. மூணு தரம் சென்னேன். மூணு தரமும் போத்தல் வந்திச்சு."

இந்த முறை எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். தாய்மார் சிரித்தார்கள். கல்வி அலுவலகத்துச் சேர் கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டார். என்னையும் மாப்பசைப் போத்தலையும் மாறி மாறிப் பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாக எனக்கு நினைவு வந்தன. பசிக்கிறது என்று சொன்ன பிள்ளைக்குப் பசையைக் கொடுத்திருக்கிறேன். அது எனக்கு நன்றி சொல்லியிருக்கிறது. நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "போதும், போய் இருங்கோ. இதுக்கோ உங்களைப் பாக்கச் சொன்னனான்?" என்று சீறினேன்.

அந்தப் பெண்பிள்ளை பயப்படவில்லை. உண்மையாகவே விளங்காதவள்போல என்னைப் பார்த்தாள். "கேக்க வேணாம், பாக்கத்தான் வேணும் எண்டு டீச்சர் சொன்னீங்க தானே. ஆக்கள் மறைப்பாங்க எண்டும் சொன்னீங்க," என்றாள். பிறகு கரும்பலகைக்கு மேலே தொங்கிய மட்டையைக் காட்டினாள். "இன்னும் சோதிக்கேல்ல டீச்சர்."

சோக் துண்டை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். எல்லாருக்கும் முதுகைக் காட்டி நிற்கக் கிடைத்தது அந்த நேரத்தில் பெரிய ஆறுதலாக இருந்தது. என்ன எழுதுவதென்று தெரியாமல் அ, ஆ என்று எழுதினேன். இ எழுதும்போது நீல மூடி போட்ட கை எழும்பியது. திரும்பி இடது மூலையைப் பார்த்தேன். அங்கே ஒரு பிள்ளை வாயை அசைத்தபடி நின்றது. கை தட்டினார்கள். சிவப்பு மூடி எழும்பியது, வலது பக்கம் பார்த்தேன். தட்டினார்கள். நடை பழகுகிற குழந்தைக்குத் தட்டுவதுபோலத் தட்டினார்கள். சிரித்ததைக்கூடப் பொறுத்தேன், அந்தத் தட்டலை என்னால் பொறுக்கமுடியவில்லை.

சேர் இப்படியான கண்காட்சிகள் பல பார்த்தவர். வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்றைக் கேட்டார். "நல்லது. இதைச் செய்யிறதுக்கு முதல் இந்தப் பிரச்சினைக்கு என்ன செய்தனீங்கள்?"

"தலையத் திருப்பினோம் சேர்," என்றான் பையன்.

"விளங்கேல்லை."

"யாராவது கதைச்சா நாங்க எல்லாரும் அந்தப் பக்கம் தலையத் திருப்புவம். டீச்சர் எங்கட தலையப் பாத்துட்டு அந்தப் பக்கம் பாப்பாங்க. முதலாந் தவணையில இருந்து அப்பிடித்தான். ஆனா டீச்சர் போட்ல எழுதக்குள்ள எங்கட தலை தெரியா. அதோட..." அவன் பெண்பிள்ளையைப் பார்த்தான்.

"கழுத்து நோகுது சேர்," என்று அவள் சொல்லி முடித்தாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையின் பின்கழுத்தில் கையை வைத்தார். நான் சிஸ்டரைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. யார் யோசித்தது, எப்போது பேசி முடிவெடுத்தார்கள், சோம்பேறிகளும் சண்டைக்காரரும் உள்ள அந்த வகுப்பு எப்படி ஒன்றுசேர்ந்து இதைச் செய்தது, எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்காத இடத்தில்தான் அது நடந்திருக்கவேண்டும்.

எல்லாரும் போனபிறகு மட்டைக் கைகளைக் கழற்றி, வகுப்பு அலுமாரிக்கு மேலே, பழைய வரைபடங்களுக்குப் பின்னால் போட்டேன்.

திங்கட்கிழமை சிஸ்டர் கூப்பிட்டார். நூலகத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர் என்னை இருக்கச் சொல்லவில்லை.

"பிள்ளைங்க இவ்வளவு நாளும் உங்களுக்குக் காவல் நின்டிருக்கு," என்றார். "நான் அதைக் கூட்டத்தில வச்சுப் பாராட்டினேன். இப்ப பள்ளிக்கூடம் முழுக்கத் தலையைத் திருப்பிக்கொண்டு திரியுது. எனக்கு எவ்வளவு வெட்கம் தெரியுமா டீச்சர்?"

"ஓம் சிஸ்டர்."

"கேட்டுத்தான் ஓம் சொல்றீங்களா?"

"கேட்டது சிஸ்டர்."

"மிஷின் இருக்கா?"

"இருக்கு. அலுமாரிக்குள்ள."

"ஏன், அலுமாரிக்கா காது கேக்காது?" அவருடைய கோபம் அந்த இடத்தில் ஏறி அந்த இடத்திலேயே இறங்கியது. "நாளைக்கு அதைப் போட்டுக்கொண்டு வாங்க. பிள்ளைங்க சொல்றது விளங்கினா வகுப்பு உங்களுக்கு. இல்லாட்டி நூலகம். நான் வந்து பாக்கமாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க."

அவரே வந்து பார்த்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் மிஷினைப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு காதிலும் அந்தத் தோல் நிறச் சாமான் தொங்க, கொண்டையைக் கொஞ்சம் தளர்த்திக் காதுக்கு மேல் இழுத்துவிட்டிருந்தேன். புத்தி வந்தும் வெட்கம் போகவில்லை. வகுப்புக்குள் போனதும் திடுக்கிட்டுப்போனேன். கதிரை இழுபடுகிறது, போத்தல் விழுகிறது, யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள், பின்வரிசையில் கிசுகிசு ஓயவே இல்லை. என் வகுப்பு அமைதியான வகுப்பு என்று எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன்!

இடது மூலையிலிருந்து ஒரு பிள்ளை ஏதோ கேட்டது. எனக்குக் கேட்டது. பக்கமும் தெரிந்தமாதிரி இருந்தது. அதற்குள் வகுப்பு முழுக்க அந்தப் பக்கம் தலையைத் திருப்பிவிட்டது.

"வேண்டாம் பிள்ளையள்," என்றேன். "இனித் தலையைத் திருப்ப வேண்டாம். டீச்சர் மிஷின் போட்டிருக்கிறன். கேக்குது."

தலைகள் முன்னுக்கு வந்தன. முகத்துவாரத்துப் பிள்ளை மட்டும் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி நின்றாள். உள்ளங்கையால் வாயை நன்றாக மூடிக்கொண்டு, மெதுவாக ஒரு சொல் சொன்னாள்.

"நான் என்ன சொன்னேன், டீச்சர்?"

சோதிக்கிறாள். மட்டையில் ஐந்தாவதாக நான் எழுதித் தொங்கவிட்டதைத்தான் செய்கிறாள். எல்லாக் கண்களும் என்மேல். நான் சொல்லப்போகிற பதிலைத்தான் நான் சிஸ்டரிடம் போய்ச் சொல்லவேண்டும். பசி என்று கேட்டது. இல்லை, பசை என்று கேட்டது. மிஷினுக்குள் இரைச்சல். இடைவேளைக்கும் கிட்டத்தட்ட நேரமாகியிருந்தது.

"பசி," என்றேன்.

அவள் கையை வாயிலிருந்து எடுத்தாள். "பசை, டீச்சர்," என்றாள், எனக்கு மட்டும் சொல்வதுபோல, வாயை வடிவாகத் திறந்து. "பரவாயில்ல."

அவள் தன் இடத்தில் இருந்துவிட்டாள். வலது பக்கத்தில் வேறொரு பிள்ளை கேள்வி கேட்க எழும்பியது. யாரும் சொல்லாமலே எல்லாத் தலைகளும் மெல்லத் திரும்பின.

சிஸ்டரிடம் இதை உள்ளபடியே சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கதிரையை அலுமாரிக்குக் கிட்ட இழுத்துப் போட்டு ஏறினேன். பழைய வரைபடங்களுக்குப் பின்னால் கையை விட்டு, நானே ஒளித்துவைத்த மட்டைக் கைகளை எடுத்தேன். ஒன்றில் விரல் மடிந்திருந்தது, அதை நிமிர்த்தினேன்.

"இதைப் பழையபடி கட்டித் தாங்கோ பிள்ளையள்," என்றேன். "உங்களுக்குக் கழுத்து நோகும்."